வாக்கியப்படி மாசி வரை

என் டைரியில் 2024ஆம் ஆண்டு ஆவணி முதல் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “கம்பெனி போன் முழுவதும் இன்று கிளவுடுக்கு மாறியது. மூன்று கிளைக்கும் ஒரே எண். முதன்மை நிர்வாகியாக என் பெயர். சஃபர் மாதம்.”

கடைசி இரண்டு சொற்களை எழுதும்போது மனத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், ஹிஜ்ரி மாதம் மூன்றையும் குறிப்பது என் பழக்கம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் தேதிகள்தான் முக்கால்வாசிப் பேச்சு. அவருடைய லீவு ஆங்கில மாதத்தில் வரும். ஊரில் கல்யாணமும் காதுகுத்தும் தமிழ் மாதத்தில் நடக்கும். நோன்பும் பெருநாளும் பிறையைப் பார்த்து வரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் எது எதோடு மோதுகிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் சஃபர் மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள். அம்மா அந்த மாதம் துடைப்பம்கூடப் புதிதாக வாங்கமாட்டார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அந்த ஒரு தடவை மட்டும் நம்பியிருக்கலாம்.

நான் வேலை பார்ப்பது அறந்தாங்கியில், போர்வெல் மோட்டாரும் பைப்பும் விற்கிற கம்பெனியில். புதுக்கோட்டையிலும் திருமயத்திலும் கிளை உண்டு. மோட்டார் எரிந்துபோனால் கழற்றி வந்து செம்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுப்பதும் நாங்கள்தான். பதவி மேனேஜர். பில்லைச் சரிபார்ப்பது முதல் முதலாளியின் மருமகளுக்கு வளைகாப்பு அழைப்பிதழ் வாசகம் எழுதுவது வரை எல்லாம் என் மேசைக்கு வரும்.

கிளவுடுக்கு மாற வேண்டும் என்று சொன்னதே நான்தான். தரைவழி போனுக்குக் கேபிள் ரோட்டோரம் போகிறது. ரோட்டை அகலப்படுத்த ஒரு பொக்லைன் வந்தால் எங்களுக்கு ஒரு வாரம் போன் இருக்காது. அதனால் விற்பனை ஆட்கள் அவரவர் சொந்த செல்போனில் பேசிப் பழகிவிட்டார்கள். திருமயத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போய் எதிர்க் கடையில் சேர்ந்தார். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அவர் எண் மட்டும்தான் தெரியும். அவர்களும் அவரோடு போய்விட்டார்கள். முதலாளி அன்று சாப்பிடவில்லை. நான் நாளிதழிலும் இணையத்திலும் படித்ததையெல்லாம் சேர்த்து அவருக்கு விளக்கினேன். ஒரே எண், யார் கூப்பிட்டாலும் அதற்குத்தான் வரும், அங்கிருந்து எந்த ஊழியரின் செல்போனுக்கும் பிரித்து அனுப்பலாம், பேச்சு பதிவாகும், ஆள் போனாலும் எண் போகாது.

“ஆளு போனாலும் நம்பரு போகாது,” என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் சம்மதித்தார்.

திருச்சியிலிருந்து ஒரு இளைஞர் லேப்டாப்போடு வந்தார். டீ சாப்பிட்டார், படம் போட்டுக் காட்டினார், கடைசியில் கேட்டார்: “சார், அக்கவுண்ட் யார் பேர்ல? ஆதார் வேணும், முகத்தைக் கேமராவுல காட்டணும். ஓடிபி எல்லாம் அவங்க மொபைலுக்குத்தான் வரும்.”

முதலாளி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “என் பேர்ல புதுசா எதுவும் வேண்டாம் தம்பி.”

அவருக்கு மகர ராசி. ஏழரைச் சனியின் கடைசிப் பகுதி நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் யாரும் சிரிக்கமாட்டோம். சனி தொடங்கிய புதிதில் அவர் தன் பெயரில் ஒரு பைக் வாங்கினார். அதை ஓட்டிப் போன தம்பி கட்டுமாவடி ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு அவர் தன் பெயரில் ஒரு சிம் கார்டுகூட வாங்கவில்லை. பழையது பழையபடி இருக்கும். புதியது எதுவும் அவர் பெயரில் வராது.

“வீட்டுக்காரம்மா பேர்ல போடலாமா சார்?” என்றார் திருச்சி இளைஞர்.

“அவ சிம்மம். கண்டகச் சனி.”

“பையன் பேர்ல?”

“அவன் கும்பம். அவனுக்கு ஜென்மச் சனி. குடும்பத்தோட புடிச்சுக்கிட்டாரு,” என்றவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். “தங்கச்சி, ஒங்களுக்குத்தான் ராசியே கெடையாதுல்ல?”

“ஜாதகம் எழுதுற வழக்கம் எங்ககிட்ட இல்லண்ணே.”

“அப்புறமென்ன. ஒங்களத் தேடி அவரு எங்கிட்டுப் போவாரு? அட்ரஸே இல்லையே.”

பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. முதலாளியும் சிரித்தார். ஒன்பது கிரகங்களின் கணக்கிலும் பெயரில்லாத ஒருத்தி என்பது எனக்கு அன்று ஒரு சலுகை மாதிரி இருந்தது. முதலாளி கம்பெனி சார்பாக எனக்கு அனுமதி தருவதாக லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி, பழைய பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். கண்ணை மூடித் திறக்கச் சொன்னது, திறந்தேன்.

“சனிப்பெயர்ச்சி முடியட்டும், என் பேருக்கு மாத்திக்கிறேன்,” என்றார் முதலாளி. “மாத்தலாம்ல தம்பி?”

“தாராளமா சார். பழைய அட்மின், புது அட்மின் ரெண்டு பேரும் ஒரே நாள்ல முகம் காட்டி ஓடிபி போட்டா முடிஞ்சது.”

வரவேற்புக் குரலையும் என்னையே பேசச் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய மாதிரிக் குரல் டிவியில் செய்தி வாசிப்பது போல இருந்தது. மோட்டார் ஓடவில்லை என்று கவலையில் கூப்பிடுகிறவரிடம் அப்படிப் பேசக்கூடாது என்று முதலாளி நினைத்தார். குடோனில் பைப்புகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். விற்பனைக்கு ஒன்றை அழுத்துங்கள், பழுதுக்கு இரண்டை அழுத்துங்கள், மற்றவற்றுக்குக் காத்திருங்கள்.

பேச்செல்லாம் பதிவாகும் என்பதால் வாரம் ஒருநாள் சிலவற்றைக் கேட்பது என் வேலை. முதல் மாதம் பாதிப் பதிவுகளில் ஆட்கள் என் குரலோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தாயி, நேத்து ராத்திரிலேருந்து தண்ணி ஏறல தாயி.”

என் குரல், விற்பனைக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும்.

“விக்கிறதுக்கில்ல தாயி, ரிப்பேரு.”

என் குரல், பழுதுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும்.

“அதத்தான் நானும் சொல்றேன். இந்தப் புள்ள காதுல வாங்காமயே பேசுது பாரு,” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இப்படிச் சொன்னவர்களின் எண்களைக் குறித்து நானே திரும்பக் கூப்பிடுவேன். அப்போது உண்மையான என்னிடமும் அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள், எதையாவது அழுத்தச் சொல்வேனோ என்று. பிறகு பழகிக்கொண்டார்கள். தைப் பொங்கலுக்குள் புது எண்ணைத் திருமயம் சாலை முழுக்க, அறந்தாங்கி வரைக்கும், சுவர்களில் நீலத்தில் எழுதி முடித்திருந்தோம். வியாபாரம் நன்றாக நடந்தது. திருமயத்து ஆட்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள்.

என் கணவர் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணம் முடிந்ததிலிருந்து அங்கேதான். எங்கள் ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறாள். இத்தனை வருடத்தில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை ஒருநாள் டைரிகளை விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையை இங்கே எழுதப் போவதில்லை.

புது எண்ணைக் கொடுத்ததும் அவர் அங்கிருந்து ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அன்று இரவு சொன்னார்: “ஆபீஸ்ல ரொம்ப மரியாதையாப் பேசுற புள்ள. ‘காத்திருங்கள்’ங்கிறே. நான் எத்தன வருசமாக் காத்திருக்கேன், எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிச் சொன்னியா?”

“யாரு காத்திருக்கா மச்சான்? நீங்களா, நானா?”

“சரி, ரெண்டு பேரும்.”

அந்தத் தை மாதத்தில்தான் அவர் குடும்ப விசாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சம்பளம் கூடியிருந்தது. இரண்டு பேர் இருக்கத் தகுந்த அறை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மகள் விடுதியில் இருக்கிறாள், நான் இங்கே வெறும் வீட்டுக்கு எதற்குக் காவல் என்று கேட்டார். நான் சரி என்றேன். ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன் என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மாசியில் என் சித்தி மகன் கல்யாணம். கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரக் கிராமம். செல்போன் டவர் எட்டாத இடம். காலையில் போய் நிக்காஹ் முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். அதே நேரம் கிளவுட் கம்பெனிக்கு என்மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அவ்வப்போது அது அப்படிக் கேட்கும், நிர்வாகி அதே நபர்தானா, இந்தியாவுக்குள்தான் இருக்கிறாரா என்று. முகத்தைக் காட்டி, ஓடிபி போட வேண்டும். நான் பிரியாணிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பதில் வராததால் மூன்று கிளைக்கும் போன் நின்றுவிட்டது.

மாசி வெயிலில் மோட்டார் எரிகிற காலம் அது. கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் “இந்தச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது” என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. கம்பெனி திவாலாகிவிட்டது என்று ஆவுடையார்கோவில் பக்கம் பேச்சுக் கிளம்பி, ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரைத் திரும்ப வாங்கிப் போக நாலு பேர் வண்டியோடு வந்துவிட்டார்கள். முதலாளி தன் காரில் கல்யாண வீட்டுக்கே வந்தார். பந்தலுக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

“தங்கச்சி, வண்டில ஏறுங்க. டவர் கெடைக்கிற எடத்துக்குப் போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துரலாம்.”

மணமேல்குடி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கல்யாணப் பட்டில், கையில் மருதாணியோடு இடது பக்கம் திரும்பினேன். கண்ணை மூடித் திறந்தேன். போன்கள் உயிர் பெற்றன. முதலாளி அங்கேயே எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். கோபப்படவில்லை. திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார்: “இனிமே டவர் இல்லாத ஊருக்குப் போறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லிருங்க.”

அதிலிருந்து எனக்கு ஒரு வரைபடம் உண்டாகிவிட்டது. மாவட்டத்தில் எங்கெல்லாம் டவர் கிடையாது என்று ஊர் ஊராக மோட்டார் மாட்டப் போகும் எங்கள் ஃபிட்டர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல நான் போகக்கூடாத ஊர்கள் கூடிக்கொண்டே போயின. பேருந்தில் போகும்போது சுவரில் எங்கள் நீல எழுத்து தெரிந்தால் கைப்பையைத் திறந்து செல்போனில் சிக்னல் கோடு எத்தனை இருக்கிறது என்று பார்ப்பேன். குளிக்கும்போது செல்போனைக் குளியலறை ஜன்னலில் வைப்பேன். தொழுகைக்கு நிற்கும்போது அதைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும், வைத்தேன், ஆனால் சலாம் கொடுத்து முடித்ததும் கை முதலில் அதைத்தான் தேடியது.

சிம்மை எடுத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று மகள் கேட்டாள். அந்த எண்ணில்தான் என் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாம் இருக்கிறது. கொடுத்தாலும் முகம் கேட்குமே, அதுவும் இந்தியாவுக்குள் இருந்து. அதை எப்படிக் கழற்றிக் கொடுப்பது? இன்னொன்றும் இருந்தது. எண் என் பெயரில். அதிலிருந்து யாராவது யாரையாவது ஏமாற்றினால் போலீஸ் முதலில் என்னைத்தான் தேடும். நான் வேறு நாட்டில் இருக்க, என் குரலில், என் பெயரில் ஒரு கம்பெனி இங்கே பேசிக்கொண்டிருக்கும். அந்த நினைப்பே சரியாக வரவில்லை.

பங்குனியில், நோன்பு நாட்களில், விசா அனுமதி வந்தது. இரண்டு மாதத்துக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். மச்சான் அதைச் செல்போனில் அனுப்பினார். என் புகைப்படம் சின்னதாக ஓரத்தில் இருந்தது. நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். சனிப்பெயர்ச்சி மார்ச் கடைசிச் சனிக்கிழமை, பெருநாளுக்கு முன்னால். இதைவிடப் பொருத்தமாக மூன்று நாட்காட்டிகளும் சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை. பெருநாள் முடிந்து முதலாளிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சித்திரை பிறந்ததும் கிளம்பிவிடலாம். முதலாளியிடம் சொன்னேன். நல்லது தங்கச்சி, இத்தன வருசம் கழிச்சாவது ஒண்ணா இருங்க என்று உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். அவருக்குத் தேதியைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். சனிப்பெயர்ச்சி எப்போது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

பெருநாள் கழித்து, பிரியாணிப் பாத்திரத்தோடு அவர் அறைக்குப் போனேன்.

“அண்ணே, பெயர்ச்சி முடிஞ்சிருச்சு. இன்னைக்கு மாத்திக்குவமா? ரெண்டு பேரும் முகம் காட்டணும்.”

அவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “எங்க முடிஞ்சுச்சு?”

“சனிக்கிழம.”

“அது திருக்கணிதம். நாங்க வாக்கியந்தான் பாக்குறது.”

எனக்கு வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு என்பது தெரியும். இரண்டிலும் கிரகக் கணக்கு வேறு என்றும் எங்கோ படித்திருக்கிறேன். வித்தியாசம் நாழிகைக் கணக்கில் இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன்.

“வாக்கியத்துல எப்பண்ணே?”

“அடுத்த மாசி.”

“அடுத்த மாசின்னா…”

“அடுத்த வருசம் மாசி. மார்ச் மொத வாரம்.” சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார், அதில் அடுத்த வருடம் இருக்காது என்பது அவருக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. “எங்க அப்பா காலத்துலேருந்து வாக்கியந்தான். சனீஸ்வரன் கோயில்லயே இந்த வருசம் பெயர்ச்சி இல்லன்னு போட்டுட்டாங்க. பேப்பர்ல வந்துச்சே, நீங்க பாக்கலயா?”

நான் பார்க்கவில்லை. நோன்பு நாட்களில் நாளிதழ்களைக் கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். செய்தி இருந்தது. ஒரே சனி, ஒரே வானம், இரண்டு கணக்குக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம். நான் அந்த இடைவெளிக்குள் அகப்பட்டிருந்தேன்.

அடுத்த நாள் திரும்பப் போனேன். அவரை மடக்க வேண்டும் என்று போகவில்லை. வேறு வழி தேடித்தான் போனேன். ராசி உள்ள யார் பெயரையும் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார், ஏதாவது ஒரு சனி அவர்களுக்கும் இருக்கும்.

“அண்ணே, ராசி இல்லாத ஆளு நான் ஒருத்திதானா? நம்ம ஃபிட்டர் தம்பி இருக்கான். அவனும் எங்க ஆளுதான்.”

“அவனுக்கு அடுத்த மாசம் துபாய் விசா தங்கச்சி. சொல்லலையா ஒங்ககிட்ட?”

சொல்லவில்லை. இந்த ஊரில் ராசியில்லாதவர்கள் எல்லோரும் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நம்ம குடோன்காரரு இருக்காரேண்ணே? அவரு வேதக்காரரு.”

முதலாளி மேசையைத் தட்டினார். “அட, ஆமால்ல. இத்தன நாளு இது தோணலயே.” கதவைத் திறந்து கூப்பிட்டார். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருகிற குடோன் பொறுப்பாளர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். இடது பக்கம் திரும்புவது, கண்ணை மூடுவது, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து ஓடுவது என்று எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, எனக்கும் ஜாதகம் இருக்குண்ணே.”

“என்னய்யா சொல்ற? நீ வேதம்ல?”

“எங்க தாத்தா காலத்துலதாண்ணே வேதத்துல சேந்தாங்க. எங்க அம்மா ஒரு சந்தேகத்துக்கு எழுதி வெச்சிருச்சு. ஃபாதருக்குத் தெரியாது.”

“என்ன ராசி?”

“கும்பம்.”

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “ஜென்மச் சனி. போய்யா, போய் வேலயப் பாரு.”

குடோன்காரர் போகும்போது என்னைப் பார்க்காமல் போனார். சாயங்காலம் டீ குடிக்கிற இடத்தில் வைத்து, “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒங்களப் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்,” என்றார். அது ஜாதகத்தைப் பற்றிய விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை முதலாளியிடம் போனபோது நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

“அண்ணே, அனுமதி முடிஞ்சா மறுபடி எல்லாம் மொதல்லேருந்து. கெடைக்குமான்னும் தெரியாது. ஒரு போன் நம்பருண்ணே. பைக் இல்ல.”

தம்பியின் படம் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

“அன்னைக்கி அவனும் அதத்தான் சொன்னான் தங்கச்சி,” என்றார். “ஒரு பைக்குதானண்ணே, என்ன பண்ணிரும்னு. நீங்க வேணா எனக்குப் பயித்தியம்னு வெச்சுக்கங்க. எனக்கு இன்னொரு சாவு தாங்காது.”

அவர் என்னைப் பிடித்து வைக்கவில்லை. அவரே பிடிபட்டிருந்தார். என்னை வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னது போலத்தான் இருந்தது.

இன்னொரு வழி என் கையிலேயே இருந்தது. முதன்மை நிர்வாகிக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அமைப்புகள் என்ற பக்கத்தின் கடைசியில் “கணக்கை நீக்கு” என்று சிவப்பில் ஒரு பொத்தான். சித்திரைக் கடைசியில் ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அதை அழுத்தினேன். நீக்கினால் எண்ணைத் திரும்பப் பெற முடியாது என்று எச்சரித்தது. சம்மதம் என்றேன். ஓடிபி வந்தது. என் மேசையில், என் செல்போனில். அதைப் போட்டுவிட்டால் நான் யாருக்கும் யாரும் இல்லை.

அந்த நேரம் ஒரு அழைப்பு வந்து திரையில் ஓடியது. பழுதுக்கு இரண்டு. யாரோ என் குரலைக் கேட்டு, சொன்னபடி அழுத்தி, காத்திருந்தார். புதுக்கோட்டைக் கிளைப் பையன் சாப்பாட்டில் இருந்திருப்பான், எடுக்கவில்லை. நான் எடுத்தேன். கீரனூர்ப் பக்கம் ஒரு அம்மா. கடலை காய்கிறது, மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. முகவரியை எழுதிக்கொண்டு, ஃபிட்டரை அனுப்ப ஏற்பாடு செய்து முடித்தபோது ஓடிபிக்கான நேரம் தாண்டிவிட்டது. வேறு ஒன்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுவரெல்லாம் அந்த எண். அதை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனாலும் அன்று பொத்தானிலிருந்து கையை எடுத்தது அந்தக் காரணங்களுக்காகத்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் போகாமலே இருந்து பழகிவிட்ட ஒருத்திக்குப் போவதும் பயம்தான்.

அக்னி நட்சத்திரத்தின் நடுவில் அனுமதி காலாவதியானது. அன்றைய பக்கத்தில் மூன்று தேதிகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே எதுவும் இல்லை.

இரவு மச்சானிடம் சொன்னேன். கோபப்படுவார், சத்தம் போடுவார் என்று அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மகளிடம்கூட முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், அத்தா இரண்டு நாள் பேசமாட்டார் என்று.

“சரி விடு புள்ள,” என்றார். “அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

“கோவம் இல்லையா மச்சான்?”

“கோவப்பட்டு என்ன ஆகப்போவுது? ஒன் மொதலாளிக்குச் சனி விடட்டும்.” சிரித்தார். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அறையில் கூட இருக்கும் ஆட்கள். “மீன் கொழம்பு வெச்சிருக்கானுவ. ஆறிரும். வெக்கட்டுமா?”

அந்தச் சுலபமான குரல் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து, அலுவலகத்தில் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. ஒரு விற்பனை ஆள் வாடிக்கையாளரிடம், சரக்கு இன்றைக்கு வராது என்று சொல்கிறார். அந்தப் பக்கம், பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. நான் ஓரத்தில் குறித்துவைத்தேன்: இவருக்குச் சரக்கு தேவைப்படவில்லை, வேறு இடத்தில் விசாரிக்கிறாரா என்று பார்க்கவும். எழுதி முடித்துவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பார்த்து வைத்திருந்த அறையைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆடியில் ஒருநாள் நானே ஆரம்பித்து, மாசியில் பெயர்ச்சி, அதுவும் நோன்பு மாதத்தில்தான் வருகிறது, பெருநாள் முடிந்ததும் கிளம்பலாம், அதற்குத் தோதாக மறுபடி விண்ணப்பம் போடுங்கள் என்று சொன்னேன். போடுறேன் என்றார். புரட்டாசியில் கேட்டபோது, கம்பெனியில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். விண்ணப்ப எண் கொடுத்திருப்பார்களே, அனுப்புங்கள், எழுதி வைக்கிறேன் என்றேன்.

“ஒனக்கு எல்லாத்தையும் எழுதணும். அனுப்புறேன் புள்ள.”

இது 2025 ஐப்பசி. மழை தொடங்கிவிட்டதால் மோட்டார் அழைப்புகள் குறைவு. போன வாரம் மறுபடி முகம் கேட்டது, காட்டினேன். முதலாளி தன் வாக்கியப் பஞ்சாங்கத்தில் மாசிப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார். அன்று காலையே மாற்றிவிடுவதாகத் தம்பி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடி செய்வார் என்று நம்புகிறேன். இந்தப் பக்கத்து வேலை அத்துடன் முடியும்.

மச்சானிடமிருந்து விண்ணப்ப எண் இன்னும் வரவில்லை. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் எண் என்னிடம் இருக்கிறது. கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. ஆகவே இரண்டாவது விண்ணப்பம் கொடுக்கப்பட்டது என்பது அவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே. சரிபார்க்கப்படவில்லை.